முல்லைத்தீவைச் சுற்றி ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு முள்ளியவளையில். யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள், வவுனியாவில் வேலை செய்யும் தங்கையின் சிநேகிதிகள், விடுமுறைக்கு வரும் கனடா, லண்டன் குடும்பங்கள் என்று யார் முல்லைத்தீவுப் பக்கம் வெளிக்கிட்டாலும் முதல் தொலைபேசி எனக்குத்தான். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன். காலையில் வந்து பின்னேரம் திரும்புகிறவர்களை மனதில் வைத்துத்தான் எல்லாம் எழுதியிருக்கிறேன்.

"அக்கா, முல்லைத்தீவில அப்பிடிப் பாக்க என்ன கிடக்கு?"

கடல், களப்பு (கடலோடு சேர்ந்த உவர்நீர் ஏரி), குளம், காடு நான்கும் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கின்றன. நகரத்தில் நின்று பார்த்தால் கிழக்கே கடல். வடக்கே வட்டுவாகல் பாலத்தைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, அதற்கும் அப்பால் சுண்டிக்குளம். மேற்கே முள்ளியவளை, வற்றாப்பளை, பிறகு ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுக் குளம். தெற்கே கரையோரமாகப் போனால் சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கடைசியில் கொக்கிளாய்.

பெரிய கட்டடங்களோ கேளிக்கைப் பூங்காக்களோ இல்லை. விடிகாலையில் கரைவலை இழுப்பதைப் பார்ப்பது, களப்புக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் வீச்சு வலை எறிவதைப் பார்ப்பது, குளக்கட்டில் மருத மர நிழலில் இருந்து சாப்பிடுவது, இவைதான் இங்கே பார்க்க இருப்பவை. அவற்றுக்கு நேரம் கொடுக்கிறவர்களுக்கு இந்த ஊர் பிடித்துப்போகும்.

"எந்த மாசம் வந்தா நல்லம்?"

குளிக்க, கடற்கரையில் இருக்க என்றால் சித்திரை முதல் ஆவணி வரை. அந்த மாதங்களில் கிழக்குக் கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஆனால் வெயில் கடுமை. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றில் புழுதி பறக்கும். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வெளியே திரிய வேண்டாம்.

பறவைகளும் பச்சை வயலும் வேண்டுமென்றால் தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிரம்பியிருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். எனக்குப் பிடித்த காலமும் அதுதான். ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி முடியும் வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது ஒருநாள் பயணம் திட்டமிடாதீர்கள். புயல்களும் அந்த மாதங்களில்தான் வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோன பிறகு, எந்தப் பாதையால் போவதென்றாலும் பாலங்களின் நிலையை முதல் நாளே இங்குள்ள யாரிடமாவது கேட்டுவிட்டு வெளிக்கிடுவது நல்ல பழக்கம்.

"ரயிலில வரலாமோ? யாழ்ப்பாணத்தால எந்தப் பாதை கிட்ட?"

முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. வடக்குப் பாதை ரயில் மாங்குளத்தில் நிற்கும். அங்கிருந்து ஏ34 வீதியால் கிழக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். ஒட்டுசுட்டான் அதில் பாதி வழியில் வரும். யாழ்ப்பாணத்தால் வருகிறவர்களுக்குப் பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால் புதுக்குடியிருப்பு வழியாக வருவது கிட்ட.

போகும்போது ஏ35, திரும்பும்போது ஏ34 என்று வைத்துக்கொண்டால் ஒரே பாதையை இரண்டு தரம் பார்க்க வேண்டியதில்லை. திரும்பும் வழியில் ஏ9 என்கிற யாழ்ப்பாணம்-கண்டி வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, சுடச்சுட வறுத்த கச்சான் (நிலக்கடலை) வாங்கிக்கொண்டு போகலாம். அந்தக் கச்சான் வாங்காமல் வீடு போனால் எங்கள் சின்னம்மா கதைக்க மாட்டா.

"ஒரே நாளில சுண்டிக்குளம், நந்திக்கடல், கொக்கிளாய் மூண்டையும் பாக்கேலாதோ?"

ஓடலாம், பார்க்க முடியாது. சுண்டிக்குளம் வடக்கு எல்லை, கொக்கிளாய் தெற்கு எல்லை. இரண்டுக்கும் நடுவில் வாகனத்துக்குள் இருந்தே நாள் முடிந்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தரம் வருகிறவர்களை நான் மேற்குப் பக்கம்தான் அனுப்புவேன். விடிய முல்லைத்தீவுக் கடற்கரை, பிறகு வற்றாப்பளை அம்மன் கோயில், அங்கிருந்து நந்திக்கடல் ஓரம், வெயில் ஏறும்போது ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில், மத்தியானச் சாப்பாடு முத்தையன்கட்டுக் குளக்கட்டில். கடல், களப்பு, குளம் மூன்றும் ஒரே நாளில் வந்துவிடும், களைப்பும் இருக்காது. இதில் ஒரு தொடர்பும் உண்டு. முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பும் பேராறுதான் கீழே ஓடி நந்திக்கடலில் விழுகிறது. காலையில் களப்பைப் பார்த்துவிட்டு மத்தியானம் அதற்குத் தண்ணீர் கொடுக்கும் குளத்தடியில் இருக்கலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

"எங்களிட்ட வாகனம் இல்லை. பஸ்ஸில வந்து சமாளிக்கலாமோ?"

நகரம், முள்ளியவளை, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு வரை பஸ்ஸில் சமாளிக்கலாம். கொக்கிளாய்ப் பக்கம் பஸ் குறைவு, ஒன்றை விட்டால் நெடுநேரம் நிற்க வேண்டிவரும். சுண்டிக்குளத்துக்கு உள்ளே போவது மண் பாதை, பஸ்ஸை நம்பி வெளிக்கிட வேண்டாம்.

முல்லைத்தீவு வரை பஸ்ஸில் வந்து, அங்கே ஒரு ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொள்வது வசதி. எங்கெங்கே போவது, எவ்வளவு நேரம் நிற்பது, மொத்தம் எவ்வளவு என்பதை ஏறுமுன் பேசுங்கள். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கியவுடன் நிலையத்திலேயே கேட்டு வையுங்கள். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் ஏ9ஐ விட்டுத் திரும்புமுன் பெற்றோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

"சின்னப் பிள்ளையளோட வாறம். கடலில குளிக்க விடலாமோ?"

கால் நனைக்கலாம். நீந்த விட வேண்டாம். முல்லைத்தீவுக் கரை திறந்த கடலைப் பார்த்தது. அலையை உடைக்கக் கற்பார் என்கிற கடற்பாறைத் திட்டோ விரிகுடாவோ இல்லை. சில இடங்களில் நாலு எட்டு வைத்தவுடனே ஆழம் விழும். கரையிலிருந்து வெளியே இழுக்கும் நீரோட்டம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. மார்கழி, தை மாதங்களில் கால் நனைக்கவும் வேண்டாம். எந்த இடம் அமைதி என்று அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் கேளுங்கள். அவர் "இண்டைக்கு வேண்டாம்" என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்தக் கரையில் வீடு வீடாக ஆட்களை இழந்தார்கள். கடலை நம்பி வாழ்கிற இந்த ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கடலுக்குள் விட யோசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்கள் தடுத்தால் கோபிக்காதீர்கள்.

"அப்ப குளத்தில குளிக்கலாம்தானே?"

தெரியாத குளத்தில் இறங்காதீர்கள். இது கடலை விடப் பெரிய கவலை எனக்கு, ஏனென்றால் குளம் பார்க்க அவ்வளவு அமைதியாக இருக்கும். அடியில் சேறு, தாமரைக்கொடி, மண் எடுத்த கிடங்குகள். வன்னிக் குளங்களில் முதலையும் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் விடும் மதகான துருசுக்கு அருகில் தண்ணீர் உள்ளே இழுக்கும். குளம் நிரம்பி வான் பாயும் காலத்தில், மேலதிகத் தண்ணீரைத் திறந்துவிடும் வான் கதவுக்குக் கீழே நின்று படம் எடுப்பது மிகவும் ஆபத்து. மேலே மழை பெய்து கதவை இன்னும் உயர்த்தினால் ஓடி ஏற நேரம் இருக்காது.

ஊர்ச் சனங்கள் குளிக்கும் துறை ஒவ்வொரு குளத்திலும் உண்டு. அங்கே, அவர்கள் குளிக்கும் நேரத்தில், முழங்கால் அளவில் நின்று வாளியால் வார்த்துக் குளிக்கலாம். குளத்துத் தண்ணீரில் குளித்த குளிர்மைக்கு அதுவே போதும்.

"வற்றாப்பளைப் பொங்கலோட சேர்த்து வந்தா எப்பிடி?"

கோயிலுக்கு வருவதென்றால் அதை விடச் சிறந்த நாள் இல்லை, சுற்றிப் பார்க்க வருவதென்றால் அந்த நாள் வேண்டாம். வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமை பொங்கல். பல மாவட்டங்களிலிருந்தும் சனம் வரும். காவடி, பாற்செம்பு, கால்நடையாக வருகிறவர்கள் என்று வீதி நிறைந்திருக்கும். வாகனம் நகராது. அன்று முழுவதும் கோயிலுக்கென்றே ஒதுக்குங்கள்.

மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி இலங்கையில் பல இடங்களில் தங்கி, பத்தாவதாக இங்கே அமர்ந்தாள், பத்தாம் பளை என்பதே வற்றாப்பளை ஆனது என்பது ஊர் வழக்கு. பொங்கலுக்கு முந்திய வாரம், அதன் தொடக்கச் சடங்கான பாக்குத்தெண்டல் முடிந்து, சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து வருவார்கள். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கு ஏற்றுவார்கள். பிறகு அது வற்றாப்பளைக்குப் போகும். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்த ஞாபகம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. கூட்டம் வேண்டாம், ஆனால் அந்தச் சூழல் வேண்டும் என்கிறவர்கள் அந்த வாரத்தில் ஒரு மாலை காட்டா விநாயகர் கோயிலுக்கு வாருங்கள்.

"பறவை பாக்க எது நல்ல இடம்? கமரா கொண்டு வாறன்."

சுண்டிக்குளம் பெயர்பெற்றது. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்கா ஆனது. இரணைமடுக் குளத்தை நிரப்பும் கனகராயன் ஆறு கடைசியில் அந்தக் களப்பில்தான் கலக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் வாத்துகள், உள்ளான்கள் எல்லாம் ஐப்பசியில் வரத் தொடங்கிப் பங்குனியில் திரும்பிவிடும். பூநாரைக் கூட்டமும் வரும் இடம் அது, ஆனால் இந்தத் திகதிக்கு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பூநாரை ஒன்றுக்காகவே வந்தால் ஏமாற்றமாகலாம். கூழைக்கடா, சங்குவளை நாரை, கொக்கு வகைகளைப் பார்க்கவும் மனமிருந்தால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

தெற்கே கொக்கிளாய்க் களப்பு 1951இலிருந்து சரணாலயம். நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கம் ஆனது. நேரம் குறைந்தவர்களுக்கு நந்திக்கடலே போதும், வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு அங்கே நில்லுங்கள். எட்டரைக்குப் பிறகு படத்துக்கேற்ற இளவெளிச்சமும் போய்விடும், பறவைகளும் தள்ளிப் போய்விடும். பறக்கும் படம் எடுப்பதற்காகக் கல்லெறிந்து கலைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இரை தேடுகிற உயிர்கள் அவை.

"காட்டுக்குள்ள இறங்கி நடக்கலாமோ? மிதிவெடி எல்லாம் எடுத்து முடிஞ்சுதுதானே?"

முடியவில்லை. மிகப் பெரும் பகுதி நிலம் சுத்தமாக்கப்பட்டு, சனம் குடியிருந்து, விதைத்து அறுக்கிறார்கள். ஆனால் வேலை நடக்கும் இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புத் தலைக் கட்டைகளோ தெரிந்தால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடம் என்பதற்காகவும் காட்டுக்குள் புதுப் பாதை எடுக்காதீர்கள். ஊரார் நாளாந்தம் நடக்கும் ஒற்றையடிப் பாதை, வண்டிப் பாதை, குளக்கட்டு, இவற்றோடு நின்றுகொள்ளுங்கள். பிள்ளைகளைச் சிறுநீர் கழிக்கப் பற்றைக்குள் அனுப்புவதும் இதில் அடங்கும்.

பெருமழைக்குப் பிறகு மண் கரைந்து பழைய பொருட்கள் மேலே வரும். துருப்பிடித்த எதையும் தொடாதீர்கள், காலால் தட்டாதீர்கள், எறிந்து பார்க்காதீர்கள். இடத்தை நினைவில் வைத்து 119க்குச் சொல்லுங்கள். வாகனத்தை விட்டு இறங்குமுன் இதைப் பிள்ளைகளிடம் ஒரு தரம் சொல்லுங்கள், இறங்கிய பிறகு இன்னொரு தரம் சொல்லுங்கள்.

"பொழுதுபட்டாப் பிறகு வெளிக்கிட்டா பிரச்சினையோ? யானை வருமோ?"

வரும். காட்டோரம் போகும் வீதிகளில், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கங்களில், மாலை மங்கினால் யானை வீதியைக் கடக்கும். ஐந்து மணிக்கு முத்தையன்கட்டிலிருந்து வெளிக்கிட்டால் வெளிச்சத்தோடு ஏ9இல் ஏறிவிடலாம். ஐந்து மணியை நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

வழியில் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்க வேண்டாம், இறங்க வேண்டாம், கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டாம். அது போகும்வரை நில்லுங்கள், உங்கள் பக்கம் வந்தால் மெல்லப் பின்னால் எடுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஒரு பஸ்ஸோ லொறியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போவதுதான் நல்லது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண் 1992. யாருக்காவது காயம் என்றால் 1990, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

"சாப்பாடு கட்டிக்கொண்டு வாறதோ, கடையில பாக்கலாமோ?"

நகரத்திலும் புதுக்குடியிருப்பிலும் முள்ளியவளையிலும் கடைகள் உண்டு. தெற்குப் பக்கம் போவதென்றால் கட்டிக்கொண்டு வாருங்கள். வாழை இலையில் கட்டிய சோறு மத்தியானம் அவிழ்க்கும்போது வரும் வாசத்துக்கு ஈடில்லை. இங்கே கோயில் அன்னதானங்களில் தாமரை இலையில் சாப்பிடுவது பழைய வழக்கம். பொலித்தீன் பையைக் குளக்கட்டில் விட்டால் அதை மாடு தின்னும், யானையும் தின்னும். கொண்டு வந்ததைக் கொண்டு போங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தலாவது வேண்டும்.

நந்திக்கடல் இறால் கிடைத்தால் விடாதீர்கள். காலையில் கரையிலேயே வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆனி, ஆடியில் வந்தால் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். சின்ன மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிக்கும், உதடெல்லாம் பால் ஒட்டும். வன்னிப் பிள்ளைகள் அந்த ஒட்டலோடுதான் வளர்ந்தோம்.

"மீன்பிடிக்கிற ஆக்களிட்டக் கேட்டு போட்டில ஒரு சுத்துச் சுத்தலாமோ?"

கேட்டால் மனம் கோணாமல் ஏற்றிப் போக ஆட்கள் இருப்பார்கள். ஆனாலும் நான் சொல்வது, கேட்க வேண்டாம். அது தொழில் படகு. பயணிகளுக்கான உயிர்காப்பு அங்கி அதில் இருக்காது. கடலைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். நாயாற்றில் பருவத்துக்கு வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தங்கித் தொழில் செய்கிறவர்கள் இருப்பார்கள். அங்கே கரையில் நின்று மீன் பிரிப்பதைப் பார்க்கலாம், கதைக்கலாம், மீன் வாங்கலாம். கரைவலை இழுக்கிற இடத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்க ஆசை என்றால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேளுங்கள். எங்கள் மருமக்களுக்கு ஒருநாள் கயிறு கொடுத்தார்கள். உள்ளங்கை சிவந்து வந்த பிள்ளைகள் அன்று இரவு மீன்குழம்பைத் தட்டில் மிச்சம் விடவில்லை.

"ட்ரோன் கொண்டு வரலாமோ?"

அனுமதி இல்லாமல் வேண்டாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும், தேசியப் பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இங்கே இராணுவ முகாம்களும் பல இருக்கின்றன, அவற்றைக் கைத்தொலைபேசியாலும் படம் எடுக்கக் கூடாது. தேசிய அடையாள அட்டையை எல்லோரும் கையில் வைத்திருங்கள்.

"முள்ளிவாய்க்காலுக்கும் போகோணும் எண்டு பிள்ளையள் கேக்கினம். சுத்திப் பாக்கிற நாளில அங்க போறது சரியோ?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் தயங்கித்தான் கேட்பார்கள். அந்தத் தயக்கமே நல்லது. போகலாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும் போகலாம். ஆனால் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு நிறுத்தமாக அதை வைக்காதீர்கள். காலையில் முதலில் அங்கே போங்கள், அல்லது அதற்கென்று இன்னொரு நாள் வாருங்கள். நினைவிடத்தில் ஒரு பூவோ விளக்கோ வைத்துச் சும்மா நில்லுங்கள். செல்பி வேண்டாம். அங்கே நிற்கிற ஒருவரிடம் "உங்களுக்கு என்ன நடந்தது" என்று போய்க் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் முழுவதையும் கேளுங்கள், நடுவில் நேரம் பார்க்காதீர்கள்.

மே 18ஐ ஒட்டிய வாரத்தில் வந்தால் வீதியோரங்களில் கஞ்சி கொடுப்பார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். 2009இல் போரின் கடைசி நாட்களில் சனம் குடித்து உயிர் பிடித்த கஞ்சி அது. தந்தால் வாங்கி நின்று குடியுங்கள். பிள்ளைகள் ருசி இல்லை என்றால் ஏன் அப்படி என்று அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுங்கள்.

வட்டுவாகல் பாலத்தையும் இதோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தண்ணீருக்குக் கிட்டவாக, ஒடுங்கிய, நீண்ட பழைய பாலம். இரண்டு பக்கமும் களப்பு விரிந்து கிடக்கும், பொழுது சாயும் நேரத்தில் மிக அழகு. 2009 மே மாதம் அதைக் கடந்து வந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது வாகனத்தில் பாட்டை நிறுத்திவிடுங்கள்.

"அம்மம்மாக்கு நடக்கேலாது. அவவையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?"

கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேற்குப் பக்க நாள், நாலாவது கேள்வியில் சொன்னது, அவருக்கென்றே அமைந்த மாதிரி. இரண்டு கோயிலுக்கும் கிட்டவே வாகனம் போகும். குளத்தடியில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தால் போதும். மத்தியானம் இரண்டு மணி நேரம் நிழலில் ஓய்வு கொடுங்கள். மருந்துகளை மறக்காமல் எடுத்து வாருங்கள், ஒட்டுசுட்டானுக்கு அப்பால் மருந்துக்கடை தேடித் திரிய வேண்டிவரும்.

ஒட்டுசுட்டான் பெயரை அவரிடமே கேளுங்கள். குரக்கன் அறுத்த ஒட்டை, அதாவது மிஞ்சிய தாளை, சுட்டபோது ஓரிடம் மட்டும் வேகாமல் நிற்க, அங்கே லிங்கம் கண்டார்கள் என்ற கதையை என் அம்மம்மா சொல்லித்தான் நான் கேட்டேன்.

"வெளிநாட்டில பிறந்த பிள்ளையள் அரை மணித்தியாலத்தில போரடிக்குது எண்டினம். என்ன செய்யிறது?"

கோயில், கடல், குளம் என்று காட்டிக்கொண்டே போனால் சலிப்பு வரும்தான். ஏதாவது செய்யக் கொடுங்கள். முறிகண்டியில் தேங்காயை அவர்களே உடைக்கட்டும். இறாலுக்கு அவர்களே விலை கேட்கட்டும், தமிழ் தடுமாறினாலும் இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். கரைவலைக் கயிறு பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

சென்ற ஆடியில் லண்டனிலிருந்து வந்த ஒரு பெடியன் நந்திக்கடல் ஓரத்தில் காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்று இருந்தான். களப்புக்குள் நின்ற ஒரு ஐயா "தம்பி, இதைப் பிடி" என்று இறால் கூடையை நீட்டினார். பிடித்தான். பிறகு காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். திரும்பும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது.